கோரைத்தீவின் புகழ்மாலை

செங்குன்ற நாடு என்றொரு நாடு உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. உயர்ந்தது உண்மை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே அடுப்பெரிக்க விறகில்லை. இப்போது அந்த நாட்டுக் கல்லும் இரும்பும் கப்பலேறி எட்டுத் திசைக்கும் போயின. பாலமில்லாத ஊரில் பாலம் போட்டார்கள். கிணறில்லாத ஊரில் கிணறு வெட்டினார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் உள்ளங்கைத் தோல் உரிந்த ஆட்கள். செய்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் தலைநகரில் இருந்தார்கள்.

அயலார் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கவலை அரசருக்கு ஒருநாள் வந்தது. அன்றே அயற்புகழ்த் துறை பிறந்தது. அதற்கு மூன்று மாடி. முதல் மாடியில் இருந்தவர்கள் புகழைக் கேட்டு வந்தார்கள். இரண்டாம் மாடியில் எண்ணினார்கள். மூன்றாம் மாடியில் அமைச்சர் மங்களராயர் அதை நம்பினார்.

சாத்தையன் முதல் மாடிக்காரன். ஒரு நாட்டுக்குப் போய் நூறு பேரைப் பிடித்து, "செங்குன்ற நாட்டைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பது அவன் வேலை. அட்டவணையில் இரண்டே கட்டம்: புகழ், வசை. சாத்தையன் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறவன். அதை நேர்மை என்று சொல்ல முடியாது. பொய் எழுதினால் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்கு அவனுக்குச் சோம்பல்.

அவனைக் கோரைத்தீவுக்கு அனுப்பினார்கள்.

தெற்குக் கடலில் தலையணை அளவுக்குக் கிடந்த தீவு அது. ஆடிக்காற்று அடிக்கும்போதெல்லாம் கரையில் நின்ற படகுகள் ஒன்றோடொன்று மோதி விறகாகும். அதைத் தடுக்கச் செங்குன்ற நாடு அங்கே தூண்டில் வளைவு கட்டிக்கொண்டிருந்தது. கடலுக்குள் தூண்டில் முள்போல வளைந்து போகும் கல்லணை. அதற்குள் படகை விட்டால் அலை தொடாது. அம்பலத்தான் என்ற கொத்தன் நாற்பது ஆட்களோடு மூன்று வருடமாகக் கல் அடுக்கினான். முனையில் இன்னும் முப்பது முழம் பாக்கி.

சாத்தையன் முதலில் கேட்டது வஞ்சாயியிடம். ஐம்பது வயது, சொந்தமாக ஒரு படகு, தீவு முழுக்கக் கேட்கும் குரல்.

"செங்குன்ற நாடா? கல்லு தாரோம் கல்லு தாரோம்னுட்டு மூணு வருசமா கடல நாறடிக்கானுவ. சத்தத்துல கெழங்கா மீனு பூரா ஓடிப்போச்சு."

வசை என்று குறித்தான்.

"ஒங்க ராசா மூஞ்சிய நாணயத்துல பாத்தேன் வே. மூக்கு சரியில்ல. ஒழுங்கா ஒரு மூக்கு போட ஆளில்லியா ஒங்க ஊர்ல?"

வசை.

"அந்த அம்பலத்தான் இருக்கானே, அவன் ஒரு மாடு. திங்கது ஒரு அண்டா, வைக்கது ஒரு கல்லு. அதையும் மூணு தடவ எடுத்து மூணு தடவ வைப்பான். வெளங்காத பய."

சொல்லிக்கொண்டே அவள் வறுத்த மீனை இலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். முள் இல்லாத நடுத்துண்டுகளாகப் பார்த்து எடுத்தாள். "இத அந்த மாட்டுக்கிட்ட குடுத்துரும். காலைலேந்து தண்ணிக்குள்ள நிக்கான்" என்று சாத்தையன் கையிலேயே கொடுத்தாள்.

சாத்தையன் கொண்டுபோய்க் கொடுத்தான். மீன் வறுவலுக்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அம்பலத்தான் தின்றான். கல்லைப் போலவே அகலமான ஆள். மேற்கு மலைக்காரன்.

"அண்ணே, ஊரே உங்களைத் திட்டுதே, வருத்தமா இல்லையா?" என்று சாத்தையன் கேட்டான்.

"வையட்டுமுங்க. வையாத அன்னைக்குத்தானுங்க எனக்குப் பயம்" என்று சொல்லிவிட்டு அம்பலத்தான் அடுத்த கல்லைப் புரட்டப் போனான். ஏன் என்று சாத்தையன் கேட்கவில்லை. அது அவனுடைய கேள்வித்தாளில் இல்லை.

கணக்கு முடிந்தது. நூறு பேரில் வசை தொண்ணூற்றேழு. மீதி மூவரில் இருவருக்குக் காது கேட்காது, ஒருவர் தூங்கிவிட்டார். அம்பலத்தான் பெயர் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு முறை வையப்பட்டிருந்தது.

மூன்றாம் மாடியில் மங்களராயர் தாளை இரண்டு முறை படித்தார். பக்கத்தில் செயலர் பூவராகர் கைகட்டி நின்றார்.

"தொண்ணூற்றேழா? நாம் அவர்களுக்குக் கொடுத்த கல் எத்தனை?"

"பதினோராயிரம், ஐயா."

"பதினோராயிரம் கல்லை வாங்கிக்கொண்டு ஒரு நல்ல சொல் இல்லை. இதை நன்றிகெட்டத்தனம் என்பதா, அறியாமை என்பதா?"

"அறியாமை என்று கொள்வது நமக்குப் பெருந்தன்மை, ஐயா."

"அதுதான். கல்லைத் தந்தது யார் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. இனிப் போகும் ஒவ்வொரு கல்லிலும் அரசரின் திருமுகம் இருக்கட்டும். நான்கு பக்கமும் வழவழப்பாக இழைத்த கல்லாக இருக்கட்டும்." மங்களராயர் தாளை மறுபடி பார்த்தார். "மூக்கைப் பற்றி ஒரு கருத்து வந்திருக்கிறது. மூக்கில் கவனம் தேவை."

பூவராகர் எழுதிக்கொண்டார். "இந்தக் கொத்தன், ஐயா?"

"இருநூற்றுப் பன்னிரண்டு வசை! ஒரு தனி மனிதன் நாட்டுக்கு இவ்வளவு அவப்பெயர் தேடித் தர முடியுமென்று நான் நினைக்கவில்லை. உடனே திருப்பி அழையுங்கள். வடக்குக் குவாரியில் கல் உடைக்கட்டும்."

வாசலோரம் நின்ற சாத்தையன் தொண்டையைச் செருமினான். "ஐயா, அவர் நல்ல வேலைக்காரர். என் கருத்து..."

"உம் கருத்தை யார் கேட்டது? நீர் கேட்கிறவர்" என்றார் மங்களராயர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்படியாக, சாத்தையன் எழுதிய தாளைக் கொண்டு சாத்தையனுக்குப் பிடித்த ஒரே மனிதனை வெளியேற்றினார்கள்.

முகம் செதுக்கிய கற்கள் புதிய கொத்தர்களோடு வந்தன. அம்பலத்தான் போட்டவை முரட்டுக் கற்கள். ஒன்றின் பல் இன்னொன்றின் பள்ளத்தில் கவ்வி நிற்கும். இழைத்த கல் எதையும் கவ்வாது. முதல் பேரலையில் ஆறு அரசர்கள் கடலுக்குள் போனார்கள். அரசர் திருமுகத்தைக் கடலில் தள்ளுவது இராசத்துரோகம் என்பதால், கொத்தர்களும் ஆட்களும் பயந்து வேலையை நிறுத்திவிட்டு ஊர்போய்ச் சேர்ந்தார்கள். முப்பது முழம் திறந்தே கிடந்தது.

மறுபடி கருத்துக் கேட்க வந்திருந்த சாத்தையனைத் தீவு முன்பைவிட உரக்க வைதது. "அந்த மாட்ட எங்க வே ஒளிச்சு வச்சிருக்கீரு? பாதி வேலைல ஓடுன கழுதய இழுத்துட்டு வாரும்" என்று வஞ்சாயி தினமும் கேட்டாள். அவன் தினமும் வசை என்று குறித்தான்.

அந்த வாரம் உப்பிலியான் செத்துப்போனார். வலை பின்னுகிற கிழவர். "இவன் வலைய தைக்கல, ஓட்டைய தைக்கான்" என்று தீவே அவரை நக்கலடித்ததைச் சாத்தையன் தன் காதால் கேட்டிருக்கிறான். ஆனால் பிணத்தைக் கடற்கரையில் கிடத்தியதும் நடந்தது வேறு. ஊரே வெள்ளை உடுத்தி வரிசையில் நின்றது. ஒருவர் பின் ஒருவராக வந்து, குனிந்து, ஒரு நல்ல வார்த்தை சொன்னார்கள். "உம்ம தையல்ல ஒரு மீன் தப்புனதில்ல." "உம்மப்போல கை இனிப் பொறக்காது." குரல்கள் மெதுவாக, இனிமையாக இருந்தன. சொல்லி முடித்து எல்லோரும் கடலில் ஒரு முழுக்குப் போட்டார்கள். பின் திரும்பிப் பாராமல் வீட்டுக்கு நடந்தார்கள்.

சாத்தையன் வஞ்சாயியின் பின்னால் ஓடினான். "அக்கா, போன வாரம்தானே அவரை அப்படித் திட்டினீங்க?"

"இருந்தாரு, வஞ்சேன். இப்ப இல்ல. இல்லாதவர வையலாமாவே?"

"அப்போ இருக்கிறவங்களை நல்லவங்கன்னு சொல்ல மாட்டீங்களா?"

அவள் நின்று, ஈரக்கையால் அவன் வாயைப் பொத்தினாள். "சீ! வாயக் கழுவும். உசுரோட இருக்கவன நல்லவன்னு சொன்னா, அவன் கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். நாலு குறை சொன்னா, நாளைக்கு வந்து அவன் அதச் சரிபண்ணுவான்னு அர்த்தம். ஏன், ஒங்க ஊர்ல எப்படி?"

"எங்க ஊர்ல நேர்மாறு, அக்கா."

"அப்ப செத்தவனத்தான் வைவியளா?"

சாத்தையன் யோசித்தான். பழைய அரசர்களை வைவதற்கென்றே செங்குன்ற நாட்டில் ஒரு துறை இருந்தது. நல்ல கட்டடம். "ஆமாம்" என்றான்.

வஞ்சாயி அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

சாத்தையன் மணலில் உட்கார்ந்தான். தொண்ணூற்றேழு பேர். அத்தனை பேரும் செங்குன்ற நாட்டைத் தங்கள் வீட்டு ஆளைப் போல வைதிருக்கிறார்கள். மூக்கு சரியில்லை என்றது, அடுத்த நாணயத்தில் சரியாக வரட்டும் என்றுதான். இருநூற்றுப் பன்னிரண்டு முறை ஒரு மனிதனைக் குடும்பத்தோடு சேர்த்திருக்கிறார்கள். அதை அவன் கட்டம் கட்டமாக எழுதி, அந்த மனிதனைக் குவாரிக்கு அனுப்பியிருக்கிறான்.

பதினொரு பக்கத்துக்கு விளக்கம் எழுதித் துறைக்கு அனுப்பினான். வாழ்நாளில் அவன் எழுதிய நீளமான உண்மை அதுதான். அடுத்த கப்பலில் பூவராகரின் பதில் வந்தது.

"உமது விளக்கம் கிடைத்தது. வசையைப் புகழாகக் கொள்ளும் ஏற்பாடு துறையில் இல்லை. அவ்வாறு கொள்வதாயின், இதுவரை நமக்குக் கிடைத்துள்ள புகழை என்னவென்று கொள்வது? ஆகவே, அயற்புகழைச் செம்மைப்படுத்தும் பொருட்டு, வசை பேசுவோரின் படகுகளுக்குத் தூண்டில் வளைவினுள் இடமில்லை என அமைச்சர் ஆணையிட்டுள்ளார். வளைவின் வாயிலில் நின்று ஒவ்வொரு படகிடமும் நீரே கருத்துக் கேட்க வேண்டும். உதவிக்கு ஆறு காவலர் வருகின்றனர்."

சாத்தையன் நின்றான். அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. தாளும் எழுதுகோலுமாக வளைவின் வாயிலில் நின்றான். பின்னால் ஆறு வேல்கள்.

ஆடிக்காற்று தொடங்கிய காலை, வஞ்சாயியின் படகு ஆடி ஆடி வந்தது. வடமேற்கில் வானம் கறுத்திருந்தது.

"செங்குன்ற நாட்டைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று அவன் கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரே ஒரு நல்ல வார்த்தை. படகு உள்ளே வந்துடட்டும்" என்றான்.

வஞ்சாயி கறுத்த வானத்தைப் பார்த்தாள். படகைப் பார்த்தாள். அவள் புருசன் விட்டுப்போன படகு அது.

"நல்ல வார்த்தையா? அம்பலத்தான அனுப்புவாங்க, முனைய முடிப்பாங்கன்னு நம்பித்தானவே வஞ்சுகிட்டிருக்கேன். நான் எப்படிவே ஒங்க நாட்டக் கொல்லுவேன்?" என்றாள். பிறகு எல்லாருக்கும் கேட்க உரக்கச் சொன்னாள்: "ஒங்க ராசா மூக்கு இன்னும் கோணல்தான்!"

காவலர்கள் வேல்களைக் குறுக்கே நீட்டினார்கள். அவள் படகைத் திருப்பிக்கொண்டு போய் வெளியே நிறுத்தினாள். மற்ற படகுகளும் அப்படியே நின்றன. புகழ்ந்து உள்ளே வந்தது ஒன்றுமில்லை.

காற்று நான்கு நாள் அடித்தது. ஏழு படகுகள் பிளந்தன. வஞ்சாயியின் படகில் மிஞ்சியது சுக்கான் கட்டை மட்டும். உள்ளே, அதுவரை கட்டிய அணையின் மறைவில், அலை தொடாத நீரில், ஒரு படகுகூட இல்லாமல் வளைவு காலியாகக் கிடந்தது.

ஐந்தாம் நாள் சாத்தையன் வாயிலில் நின்றபோது ஊரார் கரையோரமாக நடந்து வந்தார்கள். கோலைத் தூக்கினான், கேள்வியைச் சொன்னான். யாரும் வையவில்லை. வஞ்சாயி அவனைக் கடந்து முனைக்குப் போனாள். மற்றவர்களும் போனார்கள். மலைப்பக்கத்துப் பாறையை உருட்டி வந்து அவர்களே திறந்த இடத்தை அடைக்கத் தொடங்கினார்கள். அம்பலத்தான் வைத்த மாதிரியே வைத்தார்கள். மூன்று முறை எடுத்து மூன்று முறை வைத்தார்கள். "இந்த இடத்துல அந்த மாடு என்ன செய்வான்? சின்னக் கல்ல சந்துல செருவுவான், அறிவுகெட்ட பய" என்று அவனை மட்டும் வைதுகொண்டே வேலை செய்தார்கள். காவலர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கல் வைப்பதற்குத் தடையாணை இல்லை. இரண்டாம் நாள் ஒரு காவலன் வேல்கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு பாறைக்குத் தோள் கொடுத்தான். அவனுக்கும் நாலு வசவு கிடைத்தது. நாற்பது நாளில் முப்பது முழமும் முடிந்தது. நேராக இல்லை, ஆனால் நின்றது.

அந்த மாத அட்டவணையில் செங்குன்ற நாட்டுக்கு வசை ஒன்றுமில்லை என்று சாத்தையன் எழுதினான். அதுவும் உண்மைதான்.

மங்களராயர் வெற்றியை நேரில் காண வந்தார். மேளம், கொடி, இரண்டு கப்பல். கரையில் ஊரே வெள்ளை உடுத்தி வரிசையில் நின்றது. சாத்தையனுக்கு உப்பிலியானைக் கிடத்திய நாள் நினைவுக்கு வந்தது.

ஒருவர் பின் ஒருவராக வந்து, அமைச்சர் முன் குனிந்து, மெதுவாகச் சொன்னார்கள்.

"செங்குன்ற நாடு நல்ல நாடு. கேக்குமுன்ன கல்லு தந்துது."

"அதோட கை பெரிய கை."

"அதப்போல ஒரு நாடு இனிப் பொறக்காது."

மங்களராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூறாவது ஆள் சொல்லி முடித்ததும் எல்லோரும் கடலில் இறங்கி முழுகி எழுந்தார்கள்.

"ஏன் குளிக்கிறார்கள்?" என்றார் அமைச்சர்.

"தூய்மை, ஐயா. நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டது" என்றார் பூவராகர்.

சாத்தையன் வாய் திறந்தான். "ஐயா, இது இவர்கள் பிணத்துக்குச் செய்கிற..."

"பதினொரு பக்கம் எழுதினவர் இவர்தானே?" என்றார் மங்களராயர் சிரித்தபடி. "நூற்றுக்கு நூறு கண்முன்னே நிற்கிறது. இன்னும் விளக்கம் எதற்கு?" பிறகு ஈரத்தலையோடு போய்க்கொண்டிருந்த வஞ்சாயியை நிறுத்தினார். "அம்மா, அந்தக் கொத்தன் அம்பலத்தானை நினைவிருக்கிறதா?"

திரும்பிப் பார்க்கக் கூடாத நடை அது. அந்தப் பெயருக்கு மட்டும் அவள் திரும்பினாள்.

"அவனா? சோத்து மூட்டை! கோணக் கையன்! பாதில விட்டுட்டு ஓடுன கழுத! அவன மட்டும் கண்டேன், காதப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கல்லு சொமக்க வைப்பேன்!"

"பார்த்தீரா, பூவராகரே," என்றார் அமைச்சர். "நம் முடிவு எவ்வளவு சரி."

கப்பல் ஏறும் நேரத்தில் வஞ்சாயி சாத்தையனிடம் வந்தாள். "ஏ எழுத்துக்காரரே, ஒரு சேதி தாரேன், அவன்கிட்ட சொல்லணும். ஒரு சொல்லுகூட விடப்படாது. நீரு மறதி புடிச்ச மனுசன், கேள்வி கேக்கத் தெரியாத மண்டு, முழிய ஒழுங்கா வச்சிக்கிட்டுக் கேளும்."

சாத்தையன் முழியை ஒழுங்காக வைத்துக்கொண்டான். அவள் அவனையும் வைதிருந்தாள்.

தலைநகரில் அவன் இறங்கியபோது வாசல்தோறும் கொடி பறந்தது. துறைமுகத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடைக்காரன், தெருப் பள்ளத்துக்காக அரசரைப் பத்து வருடம் வைதவன், பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி வந்து இலை போட்டான். "நம்ம அரசர் நல்லவருங்க" என்றான். குரல் மெதுவாக, இனிமையாக இருந்தது. பக்கத்து இலைக்காரரும் தலையசைத்தார். "அவரைப் போல இனி வராதுங்க." உள்நாட்டிலும் அமைச்சரின் ஆணை வந்துவிட்டது போலிருந்தது. சாத்தையனுக்குச் சோறு இறங்கவில்லை. எங்காவது போய்த் தலைமுழுக வேண்டும்போல் இருந்தது.

வடக்குக் குவாரிக்கு இரண்டு நாள் நடை. அம்பலத்தான் இளைத்திருந்தான். கையில் சுத்தியல் இருந்தது. வந்தவனைப் பார்த்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"முனை நிக்குதுங்களா?"

"நிக்குது. அவங்களே முடிச்சுட்டாங்க."

"அப்ப என்னைய மறந்திருப்பாங்க" என்று அம்பலத்தான் சுத்தியலைப் பார்த்தான். "ஏதாச்சும் நல்லதாச் சொன்னாங்களா?" அதைக் கேட்கும்போது அவன் குரல் நடுங்கியது.

சாத்தையன் தாள் எதையும் எடுக்கவில்லை. நிமிர்ந்து நின்று, வஞ்சாயியின் குரலிலேயே சொன்னான்:

"ஏலே மாடே! நீ வச்ச கடைசிக் கல்லு கோணலா இருக்குலே. ஊரே சேந்து நிமித்துனோம், இடுப்பு போச்சு. ஒன் அண்டா இங்கனதான் கெடக்கு, அடில ஓட்ட. அத அடைக்கக்கூட ஒனக்குக் கை வெளங்காதாலே? மீனு வறுத்தா திங்க நாதியில்ல, நாய்க்குப் போடுதேன். வந்து அண்டாவ அடச்சிட்டுத் தொல, வெளங்காத பய!"

அம்பலத்தான் மெல்ல ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். சுத்தியலைக் கீழே வைத்தான். சட்டை நுனியால் முகத்தை நீளமாகத் துடைத்தான்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றான்.